அண்ணாச்சிக்கு ஊற்றிய அரைக் கிளாஸ்

திருகோணமலையில் பார் நடத்தும் இந்தியாக்காரன் என்றால் ஊருக்கு இரண்டு வகையில் ஆகாதவன். இந்தியாக்காரன் என்பது ஒன்று, சாராயம் விற்பவன் என்பது மற்றது. இரண்டையும் பல வருடமாகச் சுமக்கிறேன், எனக்கொன்றும் வருத்தமில்லை. ஆனால் கொரோனா வந்த வருடம், ஊரடங்கின் முதல் கிழமையில், ஒரு மனிதரின் உயிர் நான் சொன்ன ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. சொன்னது நான் என்பதால்தான் அதை யாரும் நம்பவில்லை. வேறு எவன் சொல்லியிருந்தாலும் காதில் போட்டிருப்பார்கள்.

நான் தூத்துக்குடிக்காரன். வாலிபத்தில் பயணிகள் கப்பல்களில் பாரில் நின்று ஊற்றிக்கொடுத்தவன். சண்டைக் காலத்தில் இந்த ஊரிலிருந்து எங்கள் பக்கம் அகதியாக வந்திருந்த ஒரு குடும்பத்தின் பெண்ணைக் கட்டினேன். சண்டை முடிந்து அவர்கள் ஊர் திரும்பியபோது மனைவியோடு நானும் வந்துவிட்டேன். அங்கே அவள் அகதி, இங்கே நான் வெளிநாட்டுக்காரன். வருடா வருடம் கொழும்புக்குப் போய் விசாவுக்கு வரிசையில் நிற்பேன். வெளிநாட்டுக்காரன் பேரில் சாராய லைசன்ஸ் கிடைப்பது லேசான காரியமில்லை என்பதால் அது மனைவியின் அண்ணன் பேரில் இருக்கிறது. மற்றபடி கடையைத் திறப்பது, ஊற்றுவது, சண்டை விலக்குவது, வாந்தி கழுவுவது எல்லாம் நான்தான்.

கடை உள் துறைமுகத்துக்குப் போகும் வீதியில். வாசலில் நின்று கழுத்தைத் திருப்பினால் நங்கூரம் போட்ட கப்பல்கள் தெரியும். துறைமுக வேலைக்காரர், மீன்பிடிக்காரர், சீசனில் வழிதவறி வரும் சில வெள்ளைக்காரர், இவர்கள்தான் வாடிக்கை. இவர்களில் எனக்கு முதல் ஆள் அண்ணாச்சி. பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்துவரும் இழுவைப் படகில் எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். இங்கே யாரும் யாரையும் அண்ணாச்சி என்று கூப்பிடுவதில்லை. எங்கள் ஊர்ப் பழக்கத்தில் நான் கூப்பிடப்போக, கடை முழுக்க அதுவே அவர் பெயராகிவிட்டது. முதல் நாள் அதைக் காதில் கேட்டபோது, "அதென்ன ஆச்சி பூச்சி? நான் ஆம்பிளையடா தம்பி" என்று சிரித்தார்.

காலையில் நான் கதவைத் திறக்கும்போது அவர் படியில் நிற்பார். அவருக்கு ஊற்றுவதில் ஒரு முறை இருந்தது. முதல் கிளாஸ் பாதிதான். நிறைய ஊற்றினால் கை நடுங்கி வாய்க்குப் போகுமுன் சட்டையில் சிந்திவிடும். அந்த அரைக் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துவிட்டுக் கிளாஸை மேசையில் வைப்பார். பிறகு கை நடுக்கம் நின்றுவிடும். இரண்டாவதை நிறைய ஊற்றுவேன், ஒரு கையால் துரைமாதிரி எடுப்பார். அந்த முதல் கிளாஸ் முடியும்வரை அவர் மேசைப் பக்கம் யாரும் போகமாட்டார்கள், எவ்வளவு குடிவெறியில் இருப்பவனும் போகமாட்டான். யாரும் சட்டம் போடவில்லை, தானாக வந்த மரியாதை அது.

அவர் தள்ளாடி நான் பார்த்ததில்லை. ஒருவரைத் திட்டிக் கேட்டதில்லை. ஆனால் குடிக்காமல் ஒரு நாளும் இருந்ததில்லை. மாலையில் போகும்போது அடுத்த நாள் விடியலுக்கென்று கால் போத்தல் ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு போவார்.

ஊரடங்கு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் திடீரென்று விழுந்தது. அண்ணாச்சி அன்றைக்கும் வழக்கமான கால் போத்தலோடுதான் போனார். "திங்கட்கிழமை திறப்பீர்தானே?" என்று கேட்டார். "திறக்காமப் பின்னே?" என்றேன். மறுநாளே மதுவரித் திணைக்களத்தார் வந்து முன்கதவுக்கும் களஞ்சிய அறைக்கும் சீல் வைத்துவிட்டுப் போனார்கள். திறந்தால் லைசன்ஸ் போகும், மச்சான் உள்ளே போவார் என்று தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று பின்னேரமே பி.எச்.ஐ என்கிற சுகாதாரப் பரிசோதகரின் ஜீப் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. நான் மாசி மாதம் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காகத் தூத்துக்குடி போய்வந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த மனிதர் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, தனிமைப்படுத்தும் நாள் கடந்துவிட்டது, பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை, ஜீப் நின்றது மட்டும் எல்லாருக்கும் தெரிந்தது. அன்றிலிருந்து எதிர்வீட்டுக்காரர் என்னைக் கண்டால் மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். முந்தின கிழமைவரை என் கடையில் குடிக்கும்போது கொறிக்கத் தரும் பைட்டுக்கு உப்புக் குறைவு என்று அதிகாரம் பண்ணியவர்.

கடை அடைத்ததில் எனக்கு முதலில் வந்த பயம் அண்ணாச்சியைப் பற்றித்தான். காரணம் இருக்கிறது. நான் வேலைபார்த்த ஒரு கப்பலில் சமையற்காரன் ஒருவன் தினமும் குடிப்பவன். புதிதாக வந்த கேப்டன் கப்பல் வேலையாட்களுக்குக் குடியைப் பூட்டிவிட்டார். முதல் நாள் அவனுக்குக் கை நடுங்கியது. அடுத்த நாள் கொட்டும் வியர்வையும் காய்ச்சலும். பிறகு சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தினான், வலிப்பு வந்தது, டாக்டரிடம் காட்டியது பிந்திவிட்டது, கரை காணுமுன் செத்துப்போனான். உடம்பு முழுக்கக் குடியில் ஊறியவன் அதை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது என்று அப்போதுதான் கப்பல் டாக்டர் எங்களுக்கெல்லாம் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து மருந்து கொடுத்து நிறுத்த வேண்டும். நம் ஆட்களுக்கு இது தெரியாது. குடியால் சாவான் என்பார்கள், குடியை நிறுத்திச் சாவான் என்றால் சிரிப்பார்கள்.

திங்கட்கிழமை காலை அவருக்கு போன் போட்டேன்.

"அண்ணாச்சி, கைவசம் ஏதாவது இருக்கா?"

"என்ன இருக்கோ?"

"சரக்கு, அண்ணாச்சி."

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. "விட்டிட்டன் தம்பி! முழுசா விட்டிட்டன். நேற்று மகளின்ர தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டன்."

"ஏன் அண்ணாச்சி அப்படிப் பண்ணினீங்க?"

"ஒருத்தன் குடியை விட்டதுக்கு ஏன் எண்டு கேக்கிற ஆள் உலகத்தில நீர் ஒருத்தர்தான்."

அவர் மகளுக்கு ஏழாம் மாதம். வெகுநாள் காத்திருந்து தங்கிய பிள்ளை. மருமகன் கட்டாரில் மாட்டிக்கொண்டிருந்தான், விமானம் இல்லை. பிறக்கப்போகிற பிள்ளையைச் சாராய நாற்றத்தோடு தூக்கக் கூடாது என்று மகள் அழுதிருக்கிறாள். கடையும் பூட்டு, கால் போத்தலும் காலி, இதுதான் நேரம் என்று இவரும் சத்தியம் பண்ணிவிட்டார்.

பிள்ளையின் தலையில் அடித்த சத்தியத்தைப் பற்றி நம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கோயிலில் வைத்த நேர்த்திக்கடனுக்காவது பரிகாரம் இருக்கிறது. இது மீறினால் பிள்ளையின் உயிரில் போய் நிற்கும். அதுவும் வயிற்றுப் பிள்ளைக்காரியின் தலையென்றால் இரண்டு உயிர்.

மனைவியிடம் சொன்னேன். அவள் பருப்புக் களைந்துகொண்டிருந்தாள்.

"அவர் விட்டது நல்லதுதானே? உங்களுக்கு ஒரு ஆள் குறைஞ்சுபோச்சு எண்டு கவலை."

"ஏட்டி, கிறுக்கா உனக்கு? அந்த மனுசன் செத்துப்போவாருட்டி!"

நான் கத்திய கத்தலில் அவள் களைவதை நிறுத்தினாள். கப்பல் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்த அக்காவுக்குச் சொல்லிப் பாருங்கோ" என்றாள். "ஆனா ஒண்டு. கடைக்காரன் வேற என்னத்தைச் சொல்லுவான் எண்டுதான் நினைப்பா."

அப்படியேதான் நடந்தது. அண்ணாச்சியின் மனைவியை நான் அக்கா என்பேன். போனை எடுத்தவர் குரலில் அவ்வளவு சந்தோசம், அக்கம்பக்கத்துக்கெல்லாம் சர்க்கரைப் புக்கை பொங்கிக் கொடுத்தாராம். நான் என் பல்லவியை ஆரம்பித்தேன். ஒரேயடியாக நிறுத்தக் கூடாதுக்கா, காலையில் கொஞ்சம் மத்தியானம் கொஞ்சம் என்று குறைத்துக்கொண்டு வரணும், இல்லை ஆஸ்பத்திரிக்காவது கூட்டிக்கொண்டு போகணும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, கலியாணம் முடிச்ச நாளில இருந்து நான் கும்பிடாத கோயில் இல்லை. கோணேசருக்கு எத்தினை வெள்ளி விரதம் பிடிச்சனான் தெரியுமோ? இப்பதான் கடவுள் கண்ணைத் திறந்திருக்கு. உங்களுக்கு வியாபாரம் இல்லையெண்டு விளங்குது. எங்களை விட்டிடுங்கோ, நீங்கள் நல்லாயிருப்பியள்."

போனை வைத்துவிட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவரைக் குறைசொல்ல முடியாது. புருஷனின் சம்பளத்தை வாரி எடுத்தவனே இப்போது வந்து அவருக்கு இன்னும் கொஞ்சம் ஊற்று என்றால் எந்தப் பெண்சாதி கேட்பாள்?

மறுநாள் சாமான் வாங்குவதற்காகக் காலையில் சில மணி நேரம் ஊரடங்கைத் தளர்த்தினார்கள். சனம் மார்க்கெட்டில் ஆளையாள் ஏறி மிதித்துக்கொண்டிருந்தது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீடு இருக்கும் ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் மிதித்தேன். வீதியில் மான்கள் படுத்திருந்தன. வாகனம் இல்லாத அந்த நாட்களில் அதுகளும் எழுந்து வழிவிடுவதை மறந்துவிட்டன.

அண்ணாச்சி முற்றத்தில் கதிரையில் இருந்தார். சாரமும் தோளில் துவாயும். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார், நடுக்கம் தெரியாமலிருக்க. துவாய் தொப்பலாக நனைந்திருந்தது. பக்கத்துச் சின்ன மேசையில் தேத்தண்ணி ஆடைகட்டிக் கிடந்தது.

"வாரும் வாரும். கடையில ஆள் இல்லையெண்டு வீட்டுக்கு ஆள் பிடிக்க வந்தனீரோ?"

சிரிக்கப் பார்த்தார், பல் கிட்டிக்கொண்டது. நான் கேட்குமுன் அவரே மெதுவாகச் சொன்னார். "கண்ணை மூடினா எஞ்சின் சத்தம் கேக்குது தம்பி. நிறுத்தேலாமக் கிடக்கு."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல். எனக்கு அந்தக் கப்பல் சமையற்காரன் முகம் கண்முன் வந்து நின்றது. அக்காவைக் கூப்பிட்டு, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோம், நானே கூட வருகிறேன் என்றேன். அக்கா என்னைக் குசினிப் பக்கம் தள்ளிக்கொண்டுபோய்க் குரலைத் தாழ்த்தினார்.

"காய்ச்சலெண்டு கொண்டுபோனா கொரோனா எண்டு பிடிச்சு வைப்பினம். பிறகு இவளை? வயித்துப் பிள்ளையோட தனிமைப்படுத்துற காம்புக்கு ஏத்துவினம். அங்க என்ன சாப்பாடோ, என்ன தண்ணியோ. என்னால ஏலாது தம்பி."

"அக்கா, இது கொரோனா இல்லை. இது குடியை நிறுத்தின காய்ச்சல்."

"நீங்கள் டொக்டரோ?"

மகள் கதவு நிலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், "இந்தியாக்காரர் வந்திருக்கிறார் போல" என்று உரக்கவே சொன்னது. அக்கா முகம் வெளிறிவிட்டது. கும்பிட்டார். "குறை நினைக்காதேங்கோ. இனி வராதேங்கோ."

நான் வேலியைப் பார்த்து வாய்க்கு வந்தபடி கத்திவிட்டு வந்தேன். அது தேவையில்லாத வேலை. என் கோபத்தால் அந்த வீட்டுக்கு ஒரு நன்மையும் நடக்கவில்லை.

அடுத்த நாள் மறுபடியும் ஊரடங்கு. காலைச் சாப்பாடு முடிந்த நேரம் அண்ணாச்சியின் மகள் போன் போட்டாள். அம்மாவுக்குக் கேட்காமல் கிசுகிசுத்தாள்.

"மாமா, அப்பா சுவரில கயிறு ஊருது எண்டுறார். வடத்தை அவிழ், வடத்தை அவிழ் எண்டு கத்துறார். என்னை ஆரெண்டு தெரியேல்லை. நீங்கள் சொன்னதுதான் சரி. கொஞ்சம் கொண்டு வாங்கோ மாமா. சத்தியத்தை நான் திருப்பி எடுக்கிறன். என்ர தலைதானே?"

கொண்டுபோகச் சாராயம் எங்கே? எங்கள் வீட்டில் ஒரு சொட்டுக் கிடையாது. கடைச் சாமான் வீட்டுப் படியேறக் கூடாது என்பது கல்யாணத்தன்றே மனைவி போட்ட சட்டம். கடையோ சீல். ஆனால் மதுவரிக்காரர்கள் கடையின் பின்பக்கக் குசினியைச் சும்மா விட்டிருந்தார்கள். அங்கே எங்கள் சமையற்காரர் தனக்கென்று அரிசிப் பீப்பாவுக்குப் பின்னால் ஒரு போத்தல் ஒளித்துவைப்பார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. பின்ஒழுங்கையால் போய்க் கையை விட்டுத் துழாவினேன். இருந்தது, பாதிக்கு மேலேயே இருந்தது. சமையற்காரர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த பாசம் வாழ்க்கையில் வந்ததில்லை.

போத்தலோடு வீட்டு வாசலில் நின்று மனைவியைக் கூப்பிட்டேன். அவள் என்னையும் போத்தலையும் பார்த்தாள். உள்ளே போய்த் தேத்தண்ணி பிளாஸ்க்கைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இதுக்குள்ள ஊத்துங்கோ. சந்தியில பொலிஸ் நிக்குது." பிளாஸ்க் மூடியைத் திருகி இறுக்கினாள். "உங்களைப் பிடிச்சு நாட்டை விட்டு அனுப்பினா நான் என்னப்பா செய்வன்?"

"அனுப்பினா நீயும் வா. உனக்கு அகதியாப் போறது புதுசா?" என்றேன். அப்படியான நேரத்தில்தான் எனக்கு இந்த வாய் நீளும். அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்து அனுப்பினாள்.

சந்தியைத் தொடாமல் ஒழுங்கைகளால் ஏறிப் போனேன். மகள் படலையைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தாள். உள்ளே அண்ணாச்சி கட்டிலில் எழும்பி உட்கார்ந்திருந்தார். கண் எங்கோ பார்த்தது, விரல்கள் போர்வையில் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தன. அக்கா அவர் காலடியில் உட்கார்ந்து ஈரத்துணியால் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார். அதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"நான்தான் வரச்சொன்னனான் அம்மா."

சொல்லிவிட்டுத் தகப்பனின் கையை இழுத்துத் தன் தலையில் வைத்தாள். "அப்பா, நீங்கள் செய்த சத்தியத்தை நான் எடுத்திட்டன். கேக்குதோ? எடுத்திட்டன். நீங்கள் குடிக்கலாம்." அந்தக் கை அவள் தலையில் நிற்காமல் நடுங்கி நழுவி விழுந்தது.

நான் கிளாஸ் கேட்டேன். அவளே கொண்டுவந்து தந்தாள். கடையில் செய்வதுபோலப் பாதி ஊற்றினேன். மணம் பட்டதும் அண்ணாச்சியின் கண் திரும்பியது. அத்தனை நேரமும் யாரையும் அடையாளம் தெரியாத மனிதர் என்னைக் கண்டுகொண்டார்.

"திறந்திட்டீரோ?" என்றார், சின்னப் பிள்ளைபோல.

"திறந்தாச்சு அண்ணாச்சி. குடிங்க."

இரண்டு கையையும் நீட்டினார். என் கண்ணுக்கு அந்த வீட்டில் வேறு எதுவும் தெரியவில்லை, அந்த இரண்டு கை மட்டும்தான். கிளாஸ் அவர் விரலில் பட்டுவிட்டது. வாங்கியும்விட்டார். வாய்க்குக் கொண்டுபோகும்போது அக்கா குறுக்கே வந்து பறித்தார்.

"அவருக்குச் சத்தியம் மறந்துபோச்சு. எனக்கு மறக்கேல்லை."

"அக்கா, கொடுங்கக்கா. கொடுங்க. செத்துப்போவாருக்கா!"

"அம்மா, நான் எடுத்திட்டன் எண்டு சொல்லுறன்!"

"உனக்கு எடுக்கேலாது. செய்தவர்தான் எடுக்கவேணும், அவருக்குப் புத்தி இல்லை. உன்ர வயித்தைப் பார். உனக்கொண்டு நடந்தா நான் ஆருக்குப் பதில் சொல்லுறது?"

அக்கா கிளாஸோடு முற்றத்துக்குப் போய் மண்ணில் ஊற்றினார். திரும்பி வந்து என் கையிலிருந்த பிளாஸ்க்கையும் பிடுங்கிக் கவிழ்த்தார். நான் பிடித்து இழுத்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பொம்பளையோடு எவ்வளவுக்கு மல்லுக்கட்டுவது? பிளாஸ்க்கும் காலியாகிவிட்டது. அண்ணாச்சி நீட்டிய கையை மடக்காமல் அப்படியே இருந்தார். கிளாஸ் ஏன் வரவில்லை என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் வலிப்பு வந்தது. அதற்குப் பிறகு அக்காவுக்குக் கொரோனாப் பயமெல்லாம் பறந்துவிட்டது, "ஆரும் வாங்கோ, ஆரும் வாங்கோ" என்று வீதியில் ஓடினார். ஆம்புலன்சுக்கு அடித்தால் லைன் கிடைக்கவில்லை. பக்கத்து ஆட்டோக்காரன் வாசலுக்கு வந்தான், காய்ச்சல் என்று கேட்டதும் திருப்பிக்கொண்டு போய்விட்டான். வேலிக்கு அந்தப் பக்கம் யன்னல்கள் மூடின. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றபோது எனக்குக் கிண்ணியா நானாவின் ஞாபகம் வந்தது. கிண்ணியாவிலிருந்து எங்கள் கடைக்கு மீன் கொண்டுவரும் முஸ்லிம் மனிதர். குசினிப் பின்வாசலில் மீனை நிறுத்துக் கொடுப்பாரே தவிர, சாராயக் கடைக்குள் ஒரு நாளும் கால் வைக்காதவர். மீன் வியாபாரத்துக்கென்று அவர் வேனுக்கு ஊரடங்குப் பாஸ் இருந்தது. போன் போட்டேன். நல்ல காலம், டவுனுக்குள்தான் நின்றார்.

வந்து இறங்கிய நானா ஒரு கேள்வி கேட்கவில்லை. மீன்பெட்டிகளை வீதியோரத்தில் இறக்கி வைத்தார்.

"காய்ச்சல் இருக்கு நானா. சொல்லிட்டேன்."

"நான் கேட்டனா முதலாளி? காலப் புடிங்க. ஏத்துங்க."

மீன் ஈரத்தில் ஒரு பாயை விரித்து அண்ணாச்சியைப் படுக்கவைத்தோம். அக்கா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். மகளை ஏற வேண்டாம் என்று நானாதான் அதட்டி நிறுத்தினார். போகும் வழியில் இன்னொரு தடவை வலிப்பு வந்தது.

ஆஸ்பத்திரியில் கதவடியில் நின்ற டாக்டரிடம் நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். சின்ன வயதுப் பெண், மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. முழுவதையும் கேட்டார், தலையாட்டினார், உடனே உள்ளே எடுத்தார்கள். "நேற்றே கொண்டுவந்திருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார். அவர்களால் ஆனதைச் செய்தார்கள். மறுநாள் மத்தியானம் அண்ணாச்சி போய்விட்டார்.

பரிசோதனை முடிவு வரும்வரை உடலைத் தரவில்லை. கொரோனா இல்லை என்று வந்தது. சவத்துக்கு விரல்விட்டு எண்ணும் ஆட்கள்தான் போகலாம் என்றார்கள், அதற்கும் ஆள் காணாது. எங்கள் கடையில் அவரோடு வருடக்கணக்காக இருந்து குடித்தவர்கள் ஒருத்தரும் வரவில்லை. மருமகன் கட்டாரிலிருந்து போனில் பார்த்துக்கொண்டு அழுதான், அந்த போனைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

பிறகு ஊரில் ஒரு கதை கிளம்பியது. அண்ணாச்சி சத்தியம் காத்த மனுசன், மகளுக்குக் கொடுத்த வாக்கை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினவர், சாகும்போதுகூட ஒரு சொட்டு வாயில் படவில்லை என்று. வேலிக்கு அந்தப் பக்கத்துப் பெண்ணே இதை என் மனைவியிடம் வந்து கண்கலங்கிச் சொன்னாள். நான் அறைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்தால் என் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்திருக்காது என்பதால் வரவில்லை.

கடைகளைத் திறக்க விட்ட அன்று, சீல் உடைக்குமுன்னேயே வீதி மூலைவரை வரிசை. எல்லாரும் சிரித்த முகம். நான் ஊற்றிக்கொடுத்துக்கொண்டே இருந்தேன். யாராவது கை நடுங்க வந்தால் கண் தானாகப் போனது. இப்போது அப்படி வருபவர்களைத் தனியே கூப்பிட்டு, நிறுத்தப்போகிறாயா, சொல், டாக்டரிடம் போய் நிறுத்து என்று நச்சரிக்கிறேன். "முதலாளிக்கு விசர்" என்கிறார்கள். இருக்கட்டும்.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம். துடக்குக் கழிந்த பிறகு மனைவி தைத்த இரண்டு சட்டையை எடுத்துக்கொண்டு ஒரு காலையில் நான் போனேன். மகள் குளிக்கப் போயிருந்தாள். அக்கா ஏணைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றை ஆட்டிக்கொண்டிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். தேத்தண்ணி தந்தார், குழந்தையின் நிறத்தைப் பற்றியும் மருமகனுக்கு விமானம் கிடைக்கப்போவதைப் பற்றியும் கதைத்தார். பிறகு கயிற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, ஒண்டு கேப்பன். மறைக்காமச் சொல்லவேணும். அண்டைக்கு அவர் அதைக் குடிச்சிருந்தா, இண்டைக்கு இருந்திருப்பாரோ?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். சவத்தன்றிலிருந்து பயந்துகொண்டிருந்தேன். நான் டாக்டர் இல்லைதான். ஆனால் அந்த அரைக் கிளாஸ் உள்ளே போயிருந்தால், அதற்குப் பிறகு இன்னொன்று போயிருந்தால், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை தாங்கியிருப்பார் என்றுதான் என் மனது சொன்னது, இன்றும் சொல்கிறது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்துக்கு அதைச் சொல்ல நான் என்ன கல்லா?

"இல்லைக்கா," என்றேன். "குடிச்சிருந்தாலும் போயிருப்பாரு. ஈரல் எப்பவோ கெட்டுப்போச்சு. அந்த ஒரு கிளாஸ் ஒண்ணும் பண்ணியிருக்காது. உங்க மேல ஒரு தப்பும் கிடையாது."

வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் பொய் சொன்னதில்லை. அவர் நம்பினார். தலையை ஆட்டினார், ஒரு பெருமூச்சு விட்டார். அப்பாடா என்று நானும் தேத்தண்ணியை எடுத்தேன்.

"அப்ப எப்பிடியும் போற மனுசன்தானே," என்றார் அக்கா. "ரெண்டு கையையும் நீட்டி ஆசையா வாங்கினவர். குடிக்க விட்டிருக்கலாம். பறிச்சு மண்ணில ஊத்திப்போட்டன், தம்பி."

கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஏணை நின்றதும் குழந்தை விழித்து அழத் தொடங்கியது. அவருக்கு அது கேட்கவில்லை. நான் எழும்பிப் போய்க் கயிற்றைப் பிடித்து ஆட்டினேன்.